பாலளவைச் சொல்லாதீர்கள் என்றவர்

செய்தி வாட்ஸாப்பில்தான் வந்தது. ஓய்வு பெற்றவர்களும் பெறப்போகிறவர்களுமாக எங்கள் கால்நடை இனவிருத்தி ஆபீசுக்கு ஒரு குழு இருக்கிறது. காலை வணக்கமும் பூப்படமும் சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீரும் வருகிற குழு. செவ்வாய்க்கிழமை காலை கரமனைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது. நம் பகவதி மேடம் இன்று விடியற்காலை மாரடைப்பில் காலமானார் என்று யாரோ போட்டிருந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து இறங்கின. கடைசியாக எங்கள் முன்னாள் தலைமை அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு நீண்ட இரங்கல் எழுதியிருந்தார். பாலோடு பசுவின் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் காளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதலில் சொன்ன முன்னோடி பகவதி என்றும், அவருடைய பணிக்குத் தாம் எப்போதும் துணை நின்றதாகவும் அதில் இருந்தது.

முருங்கைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குத் துக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏன்னா, காய் எங்கே?" என்றாள் என் மனைவி. சொன்னேன். "யாரு, அந்த அளவுகோல எடுத்துண்டு போவாளே, அவாளா? நன்னாத்தானே இருந்தா!" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அளவுகோலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பகவதியோடு வேலை பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன வேலை பார்த்தார் என்பதே தெரியாமல் கைகூப்பியவர்களும் நம் குழுவில் உண்டு. காளை பால் கறக்காது. ஆகவே ஒரு காளை நல்ல காளையா என்று அறிய அதன் மகள்களைப் பார்க்க வேண்டும். அந்தப் பசுக்கள் ஜில்லா முழுக்க நூற்றுக்கணக்கான வீடுகளில், ஒரு தொழுவத்துக்கு ஒன்றும் இரண்டுமாகக் கட்டிக்கிடக்கும். பால் குறிப்பவர் ஒருவர் போய்க் கறந்த பாலை அளந்து எழுதுவார். பகவதி போய் உடம்பை எழுதுவார். உயரம், மார்பகலம், பின்னங்காலின் வளைவு, குளம்பின் சாய்வு, மடி வயிற்றோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது, பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கிறதா கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண். இரண்டு பேர் எழுதியதும் என் மேஜைக்கு வரும். இரண்டுக்கும் ரத்தவழியில் என்ன தொடர்பு என்று கணக்குப் போடுவது என் வேலை. நான் அந்த ஆபீசின் புள்ளிவிவரக்காரன்.

பகவதி நாகர்கோவில் பக்கத்துக்காரர். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தங்கையோடு குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட ஒரு டாக்டரிடம், "ஒங்களக் கெட்டுனவளுக்கு என்ன கிட்டிச்சுன்னு கேட்டுட்டு வந்து சொல்லுதேன்" என்றாராம். கோபக்காரி. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, ஜீப்பில் டிரைவரோடு சண்டை. மாடுகளிடம் மட்டும் குரலை உயர்த்த மாட்டார். உதைக்கிற மாட்டுக்கும் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, மடியைக் கண்ணளவில் வைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டு அளப்பார்.

தொழுவத்தில் அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அளந்து முடிக்கும்வரை அந்தப் பசு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது லேசான காரியம் இல்லை. நல்ல கறவை வைத்திருப்பவனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். காட்டாக்கடையில் ஒரு பெரியவர், பகவதி குனிந்ததுதான் தாமதம், என்னைப் பார்த்து இரண்டு கைவிரல்களையும் விரித்துவிரித்துக் காட்டினார். பகவதி நிமிராமலே, "அண்ணாச்சி, கைய மடக்கும். இல்லேன்னா பேப்பரக் கிழிச்சுட்டு நான் என் பாட்டுக்குப் போயிருவேன்" என்றார். பெரியவர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். அளந்து முடித்து மூடியைப் பேனாவில் போட்டபிறகு, "இனி சொல்லும்" என்றார் பகவதி. அதற்குள் பெரியவருக்குச் சொல்லும் ஆசையே போய்விட்டிருந்தது.

ஆரம்பத்தில் இந்த நிபந்தனை கிடையாது. முதல் சில வருஷங்கள் பகவதியும் பால் குறிப்பவரும் ஒரே ஜீப்பில் போய்வந்தார்கள். டீசல் மிச்சம். "அடுத்த வீட்டுல ஒரு உருப்படி இருக்கு, கறந்தா பாத்திரம் கொள்ளாது" என்று வழியிலேயே பேசிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். அந்த வருஷங்களின் கணக்கைப் பார்த்தால், பால் கூடக்கூட மடியும் காலும்கூட அழகாகிக்கொண்டே போயின. பாலுக்காகத் தேர்ந்தெடுத்தால் உடம்பும் தானாகத் திருந்தும் என்று நான் சந்தோஷமாக எழுதினேன். பகவான் ஒரு கையால் கொடுத்ததோடு மறுகையாலும் கொடுத்தது போல இருந்தது.

ஒருநாள் கணினியில் ஒரு பிசகு தட்டுப்பட்டது. ஒரே தாய், ஒரே காளை, ஒரே பிறந்த நாள், இரண்டு காது எண்கள். இரட்டைக் கன்றோ என்று பார்த்தால் இல்லை; ஒரே பசுதான். முதல் சொந்தக்காரர் விற்றிருக்கிறார். போகிற வழியில் காது வில்லை அறுந்திருக்கிறது, வாங்கினவர் வீட்டில் புது வில்லை குத்தியிருக்கிறார்கள். மூன்று வார இடைவெளியில் பகவதி இரண்டு தொழுவத்துக்கும் போய் ஒரே பசுவை இரண்டு தடவை அளந்திருக்கிறார். முதல் வீட்டில் பாலளவு ஊருக்கே தெரியும். அங்கே மடிக்கு ஏழு போட்டிருக்கிறார். இரண்டாவது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நான்கு.

வேடிக்கையாகத்தான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து தனியாகப் போக ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்துக் கையால் எழுதிய ஒரு கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தார்.

"சாரே, நான் மாட்டப் பாக்கல்ல. பாலக் கேட்டுட்டுப் பொறவு மாட்டப் பாத்திருக்கேன். கறக்குற மாட்டோட அகிடெல்லாம் என் கண்ணுக்கு நல்ல மடியாத் தெரிஞ்சிருக்கு. அந்த முதல் வருசங்களோட கணக்கு அம்புட்டையும் தள்ளிருங்க."

"பகவதி, இதெல்லாம் யாருக்குத் தெரியப் போறது?" என்றேன்.

"யாருக்கும் தெரியாதுன்னா, பின்னே நீங்க என்னத்துக்கு சாரே இங்க இருக்கிய?"

தள்ளினேன். பாலைக் கேட்காமல் அவர் அளந்தவற்றை மட்டும் வைத்து மறுபடி போட்டேன். கணக்கு தலைகீழாகிவிட்டது. பாலைக் கூட்டுகிற அதே வம்சக்கூறுகள் மடியைக் கீழே இழுத்தன. மடி இறங்க இறங்கப் பின்னங்காலும் தடுமாறியது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது கூடவே வரும். இரண்டையும் சேர்த்து எடைபோட்டுக் காளையைத் தேர்ந்தால் ஒழியத் தப்ப வழி இல்லை. அதிலும் எங்கள் ஆபீசின் செல்லப்பிள்ளை குபேரனின் மகள்கள் எல்லோரையும்விட மோசம். குபேரன் என்பது காளையின் பெயர். காலண்டரில் படம் வந்த காளை. முதல் ஈற்றில் அதன் மகள்கள் பாலைக் கொட்டின. மூன்றாவது ஈற்றில் அந்த மடி எங்கே இருக்கும் என்று பகவதியின் எண்கள் அப்போதே சொல்லிவிட்டன. குபேரனை ஜில்லா முழுக்கச் சினை ஊசிக்கு விடுவதற்கு இருந்தார்கள். விடாதீர்கள் என்று பகவதி எழுதிக்கொடுத்தார்.

கூட்டம் நடந்தது. தலைமை அதிகாரி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சாக்காவது கிடைத்திருக்கும். இனிமையாகப் பேசுவார், என் பெண்ணின் அட்மிஷனுக்கு ஓடியாடி உதவினவர். பகவதியின் கைக்கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது நீங்கள் எழுதியதுதானே? உங்கள் கண்ணே உங்களை ஏமாற்றும் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது அந்தக் கண்ணை நம்பி நாங்கள் குபேரனை ஒதுக்க வேண்டுமா?" என்று மலையாளத்தில் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தப்பை ஒப்புக்கொண்டவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். அதனாலேயே நம்பத்தகாதவரும் அவர் ஒருவர்தான் ஆகிப்போனார்.

பகவதி என்னைப் பார்த்தார். திருத்திக்கொண்ட பிறகு அளந்தவை சுத்தமானவை என்பதற்கான கணக்கு என்னிடம் இருந்தது. நானே போட்ட கணக்கு. தலைமை அதிகாரியும் என்னைப் பார்த்தார். எழுத்துமூலம் என் கருத்தைத் தரச் சொன்னார். மாலைக்குள் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால், "மதிப்பீட்டாளரே ஐயம் தெரிவித்திருப்பதால் உடலமைப்பு எண்களைத் தற்போது கருத்தில் கொள்வது உகந்ததல்ல." ஐயம் முதல் வருஷங்களுக்கு மட்டும்தான், பிற்பாடு அளந்தவை நம்பத்தக்கவை என்று இன்னொரு வாக்கியம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. பதவி உயர்வும் காத்திருக்கவில்லை. நல்லவராக இருக்கிற ஒருவருடைய முகத்தைச் சுளிக்க வைப்பானேன் என்று இருந்தது, அவ்வளவுதான். இதைவிட அற்பமான காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஃபைல் பகவதியிடம் போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றபடியே படித்தார். "இங்கிலீசு நல்லா இருக்கு சாரே" என்றார். ஃபைலை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குபேரனை ஜில்லா முழுக்க விட்டார்கள். அதன்பிறகு பகவதியைத் தொழுவங்களுக்கு அனுப்பவில்லை. காது வில்லைகள் வைத்திருக்கும் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எப்போதும் போலவே பேசினார். மதியம் சாப்பாட்டில் எனக்கு எலுமிச்சை ஊறுகாய் தந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தச் செலவில் பஸ் ஏறி, குபேரனின் மகள்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய் அளந்துவிட்டு வந்தார். யார் கேட்டார்கள் என்று நான் கேட்டதற்கு, "மாடு அங்கத்தான நிக்குது" என்றார்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிறன்று நானும் கூடப் போனேன். தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறி, விதுர தாண்டிக் கல்லாறு என்ற ஊரில் இறங்கினோம். எஸ்டேட் வேலைக்காக அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது. வீட்டுக்காரி பெயர் செல்வி. முன்பு அவளிடம் இருந்த பசுவைப் பகவதி அளந்திருக்கிறார். அந்தப் பசு குபேரனுக்குப் போட்ட கன்றுதான் இப்போது தொழுவத்தில் நின்றது. மூன்றாவது ஈற்று. மடி முட்டிக்குக் கீழே இறங்கி, நடக்கும்போது இரண்டு பக்கமும் இடித்தது. படுத்து எழுந்திருக்கும்போது தன் காம்பைத் தானே மிதித்துக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மடி வீங்கிக் கல்லாக இருந்தது. ஈ மொய்க்காமலிருக்க வேப்பெண்ணெய் தடவியிருந்தார்கள். பகவதி பின்னால் குந்தி உட்கார்ந்து அளந்தார். எழுதினார். பேனாவை மூடினார்.

"மேடமே, ஒண்ணு கேட்டா கோவிக்கக் கூடாது" என்றாள் செல்வி. "அன்னைக்கு நீங்கதானே வந்து குச்சி வச்சு அளந்துட்டுப் போனீங்க? நீங்க அளந்து நல்லதுன்னு சொன்ன காளையோட வித்துதானே இது? ஆபீசுல அப்பிடித்தானே பறஞ்சாங்க? பிள்ளைங்க பால் குடிச்சு ஆறு மாசமாச்சு மேடமே. மருந்து வச்ச பால சொசைட்டியிலும் எடுக்கறதில்ல. விக்கலாம்னா இந்த மடியப் பாத்துட்டு இறைச்சிக்காரன் மாத்திரம்தான் வர்றான். இது எந்தா ஒரு அளப்பு?"

நான் அங்கேதான் நின்றேன். இரண்டடி தள்ளி. பகவதி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா, நான்தான் அளந்தேன்" என்றார். பையிலிருந்து ஒரு பழைய வேட்டித்துணியை எடுத்து, மடியை முதுகோடு சேர்த்துத் தூக்கிக் கட்டுவது எப்படி என்று செல்விக்குக் காட்டிக்கொடுத்தார். செல்வி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். எங்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயாகூடக் கொடுக்கவில்லை. எந்த வீட்டிலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன் பகவதி, உண்மையச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். கேட்கும் துணிச்சல் எனக்கு இருந்தது பாருங்கள்.

"அவ மாட்டப் பத்தில்லா கேட்டா. ஆபீசப் பத்திக் கேக்கல்லியே" என்றார். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

குபேரனைப் பிற்பாடு சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். புதிய காளைகள் வந்துவிட்டதால் என்று காரணம் எழுதியிருந்தது. பகவதி ஓய்வு பெற்ற வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, தலைமை அதிகாரி ஒரு கருத்தரங்கில், பாலுக்கும் மடியமைப்புக்கும் உள்ள எதிர்த்தொடர்பைக் கவனிக்காமல் விட்டால் விவசாயிக்குத்தான் நஷ்டம் என்று படம் போட்டுக் காட்டிப் பேசினார். படத்தில் இருந்த கோடுகள் நான் போட்டவை. அவற்றின் கீழே இருந்த எண்கள் பகவதி தொழுவத்தில் குந்தி உட்கார்ந்து எழுதியவை. பெரிதாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டிவிட்டது.

தைக்காட்டு மின்மயானத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. அவருடைய தங்கை அதைப் பார்த்துவிட்டு, "சாவதுக்கு முந்தி ஒரு தடவ ஆள் வந்திருந்தா அக்கா சந்தோசப்பட்டிருப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களச் சொல்லல சார், நீங்க வந்திட்டுத்தான் இருந்திய" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

பகவதியைப் பற்றி நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் குழுவில் கேட்டிருக்கிறார்கள். முன்னோடி என்று எழுத வேண்டுமாம். எழுத உட்காருவதற்கு முன், போன வாரம் தனியாகக் கல்லாறு போனேன். செல்வி இருந்தாள். தொழுவத்தில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது. பகவதி இறந்துவிட்டதைச் சொன்னேன். "ஓ, அந்த மேடமா. எங்க மாட்டக் கெடுத்தவங்க" என்றாள். குரோதமில்லாமல், அடையாளம் சொல்வது மாதிரி சொன்னாள். ஒரு வீட்டில் பகவதியின் பெயர் அப்படி நிற்கிறது. அந்த ஒரு வீட்டில் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மேடம் அந்தக் காளையை வேண்டாம் என்று எழுதினார். அவர் எண்கள் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சேர்க்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்தது நான். செல்வி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, "அன்னைக்கு நான் அந்த மேடத்த வாய்க்கு வந்தபடி பறஞ்சப்ப நீங்களும் இங்கத்தானே நின்னீங்க சாரே?" என்றாள்.

"நின்னேன்" என்றேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நண்பர்களே, நினைவு மலரில் இதைப் போடுவீர்களோ மாட்டீர்களோ, முன்னோடி என்ற சொல் என் கையால் வராது. பகவதியினுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அளவுகோலைத் தங்கை யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் மேல் விழுந்த பழியைத்தான் நான் வைத்திருக்கிறேன். அது முதலிலிருந்தே என்னுடையது. அவர் உயிரோடு இருக்கும்போது, இரண்டடி தூரத்தில், கையை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கலாம். இன்று வாங்கிக்கொள்கிறேன். இதனால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.